ஐப்பசி மழைக்கு முன் நீச்சல் குளத்தை மூடி வைப்பது எப்படி? வாசகர் கேள்வி பதில்

புரட்டாசி பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒழுகும் மொட்டை மாடியைப் பற்றியும் ஈரம் ஏறும் சுவரைப் பற்றியும்தான் இருக்கும். இம்முறை நீச்சல் குளத்தைப் பற்றியும் சில கடிதங்கள் வந்திருக்கின்றன. தோப்பு வீடுகளிலும் விடுதிகளிலும் நீச்சல் குளம் கட்டுவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. ஆனால் மழைக்காலத்தில் அதைப் பேணும் முறையைக் கட்டியவர்கள் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. ஆகவே இந்த இதழை அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தோப்பில் 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள நீச்சல் குளம் இருக்கிறது. ஐப்பசி முதல் தை வரை யாரும் அதில் இறங்குவதில்லை. தண்ணீர் முழுவதையும் இறைத்துக் காயப் போட்டுவிடலாம் என்று தோட்டக்காரர் சொல்கிறார். குளிர்காலத்துக்குக் குளத்தை மூடுவது பற்றிய வெளிநாட்டுக் காணொளிகளிலும் தண்ணீரைக் குறைக்கத்தான் சொல்கிறார்கள். அப்படியே செய்யலாமா?
(வாசகர், சேரன்மகாதேவி)

பதில்: செய்யாதீர்கள். உங்கள் ஊரில், அதுவும் இந்த மாதங்களில், குளத்தைக் காலி செய்வதைவிடக் கெடுதலான காரியம் வேறில்லை. அந்தக் காணொளிகள் தண்ணீர் உறைந்து கட்டியாகும் நாடுகளுக்கானவை. அங்கே குழாய்களைக் காப்பதற்காகச் சில அங்குலம் குறைக்கிறார்களே தவிர, அவர்களும் குளத்தை வெறுமையாக விடுவதில்லை. நமக்குப் பகை குளிர் அன்று. தரைக்குக் கீழே ஏறி வரும் ஊற்று நீர்தான்.

பிசான நெல் பருவத்துக்குக் கால்வாயில் தண்ணீர் விட்டு, வயலெல்லாம் தொளி அடித்து நிறைந்து நிற்கும்போது, மேலே மழையும் சேர்ந்துகொண்டால், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்திலும் பாளையங்கால்வாய்ப் பாசனத்திலும் உள்ள கிணறுகளில் தண்ணீர் எட்டி மொள்ளும் உயரத்துக்கு வந்துவிடும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிணற்றுக்குள் ஏறுகிற அதே நீர்தான் உங்கள் குளத்தின் காங்கிரீட் தரைக்கு அடியிலும் ஏறுகிறது. ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறிய நீர், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 1,000 கிலோ எடைக்கு ஈடான விசையோடு மேல்நோக்கித் தள்ளும். உங்கள் குளத்தின் தரை 50 சதுர மீட்டர். அப்படியானால் தள்ளும் விசை 50 டன். 15 சென்டிமீட்டர் கனமுள்ள காங்கிரீட் தரையோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 360 கிலோதான் இருக்கும். அதாவது, ஊற்று நீர் தரையின் அடிப்பக்கத்துக்கு மேல் 36 சென்டிமீட்டர் ஏறினாலே தரையின் சொந்த எடை சரியாகிவிடும், அதற்கு மேல் அதைப் பிடித்து வைத்திருப்பவை சுவர்களும் உள்ளே இருக்கும் கம்பியுமே. குளம் நிறைந்திருக்கும் வரை உள்ளே இருக்கும் தண்ணீரின் எடை மேலிருந்து அழுத்துவதால் இந்தத் தள்ளுமுள்ளு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில், ஆற்றங்கரையை அடுத்த ஒரு தோப்புக்கு என்னை அழைத்துப் போனார்கள். குளத்தைக் கழுவி வெள்ளையடிக்க வேண்டும் என்று புரட்டாசியிலேயே காலி செய்து போட்டிருந்தார்கள். நடுத்தரை எண்ணெயில் போட்ட அப்பளம் போல மெல்ல மேடாகிக் கிடந்தது. கையிலிருந்த கம்பால் தட்டினால் ஓரத்தில் கெட்டியான ஓசையும் நடுவில் பானையைத் தட்டுவது போன்ற ஓசையும் கேட்டது. டைல்ஸின் இடுக்குகளில் தெளிந்த தண்ணீர் முத்து முத்தாகப் பொரிந்து வந்துகொண்டிருந்தது. தொட்டால் கிணற்றுத் தண்ணீரின் குளிர்ச்சி. மழைத் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று அதையும் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, அன்றைக்கே கிணற்று மோட்டாரைத் திருப்பிக் குளத்துக்குள் தண்ணீரை விடச் செய்தோம். சுவர் தப்பியது, தரையை அடுத்த வைகாசியில் உடைத்துத்தான் மறுபடி போட வேண்டியிருந்தது.

ஆகவே, எந்தக் காரணத்துக்காகக் குளத்தை இறைப்பதானாலும் முதலில் கயிற்றில் கல்லைக் கட்டிப் பக்கத்துக் கிணற்றில் விட்டு, தரைமட்டத்திலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். அந்த அளவு உங்கள் குளத்தின் மிக ஆழமான இடத்தைவிட நன்றாகக் கீழே இருந்தால் இறைக்கலாம். இல்லையென்றால் சித்திரை, வைகாசி வரை பொறுத்திருங்கள். சில குளங்களில் அடித்தரையில் ஊற்று நீரை உள்ளே விட்டுக்கொள்ளும் ஒருவழி வால்வு வைத்திருப்பார்கள். அது நல்ல ஏற்பாடுதான் என்றாலும், பல ஆண்டுகள் சுண்ணாம்பும் மண்ணும் படிந்து இறுகிக் கிடக்கும் வால்வை நம்பி நான் என் குளத்தை இறைக்க மாட்டேன்.

கேள்வி: எங்கள் ஊர் கரிசல் காடு. கிணற்றில் மழைக்காலத்திலும் தண்ணீர் மேலே வருவதில்லை. நாங்கள் காலி செய்யலாம் அல்லவா?
(வாசகர், சங்கரன்கோவில்)

பதில்: உங்களுக்குக் கீழிருந்து வரும் ஆபத்து குறைவு; பக்கவாட்டிலிருந்து வருவது அதிகம். கோடையில் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் கரிசல், மழை குடித்ததும் உப்பிக்கொண்டு சுவரை உள்நோக்கி நெருக்கும். உள்ளே தண்ணீர் நின்றால் அது எதிர்த்து நிற்கும். வெறுமையாக இருந்தால் சுவர் தனியாகத் தாங்க வேண்டும். நீங்களும் நிறைத்தே வையுங்கள்.

கேள்வி: தண்ணீரை அப்படியே விட்டுவைத்தால் இரண்டே வாரத்தில் பாசி பிடித்துப் பச்சையாகிவிடுகிறது. சென்ற ஆண்டு தை மாதம் திறந்தபோது குட்டைத் தண்ணீர் போல நாறியது. எந்த மருந்தை எவ்வளவு போட வேண்டும்? மூன்று மாதமும் மோட்டாரை ஓட்ட வேண்டுமா?
(வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: குளிர் நாட்டுக்காரருக்குக் குளிரே பாசியைத் தடுத்துக் கொடுக்கிறது. நமக்கு மார்கழி விடியற்காலையிலும் தண்ணீர் பாசிக்கு ஏற்ற வெதுவெதுப்பில்தான் இருக்கும். அதனால், ஒருநாள் மருந்து போட்டு மூடிவிட்டுத் தையில் திறப்பது என்பது நம் ஊரில் நடக்காத காரியம். மூடுவது என்றால் ஆட்கள் இறங்குவதை நிறுத்துவது மட்டுமே; தண்ணீருக்கான வேலை குறையுமே தவிர நிற்காது.

முதலில் சுவரையும், தண்ணீர் மட்டத்துக் கோட்டையும், படிக்கட்டின் மூலைகளையும் நைலான் பிரஷால் நன்றாகத் தேயுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் பாசியின் மேல் ஒரு வழவழப்பு இருக்கும். அது கிழியாமல் மருந்து உள்ளே இறங்காது. தேய்த்ததும் அடியில் படிவதை வேக்குவம் வைத்து எடுத்துவிடுங்கள். பிறகு தண்ணீரின் பி.எச். அளவை, அதாவது அமில-கார அளவைப் பாருங்கள். அது 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் இருக்க வேண்டும். நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது என்பதால் அளவு 8-ஐத் தொட்டுவிடும். அப்போது நீங்கள் போடும் குளோரினில் ஏறத்தாழ கால் பங்குதான் வேலை செய்யும். குளோரின் போட்டும் பாசி போகவில்லை என்று மூட்டை மூட்டையாகப் பிளீச்சிங் பவுடர் கொட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குக் குறை பவுடரில் இல்லை, பி.எச்.சில்தான் இருக்கிறது. குளத்துக்கென்று விற்கும் அமிலத்தை வாளித் தண்ணீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கரைத்து, மோட்டார் ஓடும்போது குளத்தைச் சுற்றி ஊற்றினால் அளவு இறங்கும்.

அடுத்தது குளோரின். உங்கள் குளம் 10 மீட்டருக்கு 5 மீட்டர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 75,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். மூடுவதற்கு முன் ஒருமுறை லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுக்குக் குளோரினை உயர்த்த வேண்டும். அதற்கு 750 கிராம் குளோரின் தேவை. புதிய பிளீச்சிங் பவுடரில் குளோரின் சுமார் 30 விழுக்காடு என்பதால் இரண்டரைக் கிலோ பிடிக்கும். 65 விழுக்காடு உள்ள குருணை குளோரின் என்றால் 1 கிலோ 150 கிராம் போதும். சாக்கு அவிழ்ந்து கிடந்த பழைய பவுடரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஈரக்காற்றில் அதன் காரம் போயிருக்கும். பவுடரை நேரே குளத்தில் தூவாமல், முதல்நாள் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரை எடுத்து அதில் பவுடரைப் போட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். வெயிலில் குளோரின் கரைந்துபோகும் என்பதால் விளக்கு வைக்கும் நேரத்தில் ஊற்றி, இரவு முழுவதும் மோட்டாரை ஓட விடுங்கள். மறுநாள் மணல் வடிகட்டியில் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு பேக்வாஷ் செய்து, அதன் பார்வைக் கண்ணாடியில் தெளிந்த தண்ணீர் ஓடும் வரை கழுவுங்கள்.

அதன்பிறகு நாளுக்கு 2 அல்லது 3 மணி நேரம் மோட்டார் ஓடினால் போதும். வாரம் ஒருமுறை சோதனைப் பெட்டியை வைத்துப் பார்த்து, குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராமுக்குள் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பெருமழை பெய்த மறுநாள் கட்டாயம் பாருங்கள். மயில்துத்தம் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். பாசியைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் அளவு தவறினால் பூச்சில் நீலப் பச்சைக் கறை ஏறும், அந்தத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கினால் மீனும் சாகும். நான் போடச் சொல்வதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். அமிலத்தையும் குளோரினையும் ஒரே வாளியில் கலப்பதோ, ஒன்றை அளந்த குவளையால் மற்றதை அள்ளுவதோ கூடாது. நச்சு வாயு கிளம்பும். மிதவையில் போடும் வில்லைக் குளோரினையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்தாலும் தீப்பற்றும். இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்கி, அதன் மேல் ஓடு ஒழுகிக்கொண்டிருந்த மோட்டார் அறை ஒன்றைப் பார்த்துவிட்டு நான் மதியச் சாப்பாட்டுக்குக்கூட அங்கே உட்காரவில்லை.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் குளம் சேறாகிவிட்டது, மோட்டாரும் முங்கிவிட்டது. இனி அப்படி நேராமல் இருக்க என்ன செய்யலாம்?
(வாசகர், ஆறுமுகநேரி)

பதில்: அந்த 17, 18 தேதிகளில் உங்கள் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. 50 சதுர மீட்டர்க் குளத்தில் அப்படி ஒரு மழை கொட்டினால் வானத்திலிருந்து மட்டுமே 47,500 லிட்டர் விழும். வழக்கமான மழைக்காக மட்டத்தை ஒரு சாண் குறைத்து வைப்பது நல்லது என்றாலும், இத்தகைய மழைக்கு அது காணாது. வழிந்து போவதற்குக் குழாய் வேண்டும், அந்தக் குழாயின் மறுமுனை பள்ளத்தில் திறந்து கிடக்க வேண்டும். சேறு வந்தது வானத்திலிருந்து அன்று, சுற்றுப்புறத்திலிருந்து. குளத்தின் விளிம்பு சுற்றுத் தரையைவிட உயர்ந்திருந்தால், அல்லது மழைக்கு முன் மேட்டுப் பக்கத்தில் ஒரு சிறு வரப்புப் போட்டு ஓடுநீரைத் திருப்பிவிட்டால், தோப்புத் தண்ணீர் உள்ளே வராது. பூமிக்குக் கீழே குழியில் இருக்கும் மோட்டாரை முடிந்தால் மேடைக்கு ஏற்றுங்கள். முடியாவிட்டால் எச்சரிக்கை வந்த அன்றே மெயினை இறக்கி, மோட்டாரைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். குளத்து விளக்குகளும் மோட்டாரும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் பாதுகாப்பு சுவிட்சின் வழியாக வருகின்றனவா என்று மின்பணியாளரைக் கொண்டு சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குளத்தின் மேல் தார்ப்பாய் விரித்துக் கட்டிவிட்டோம். இருந்தும் கொசு பெருகுகிறது என்று சுகாதாரப் பணியாளர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். கொசுப் புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடலாமா?
(வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: தார்ப்பாயை முதலில் அவிழ்த்துவிடுங்கள். கீழே இருக்கும் குளத்தைவிட, அதன் மேல் தொய்ந்த இடத்தில் நிற்கும் நாலு குடம் மழைத் தண்ணீர்தான் கொசுவுக்கு வசதி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்து அசையாமல் நிற்கும் தண்ணீரைத் தேடி முட்டையிடும். நம் வெப்பத்தில் 7 முதல் 10 நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். விரித்த பாய் தரை போலத் தோன்றுவதால் சிறு பிள்ளைகள் அதன் மேல் கால் வைத்துவிடும் ஆபத்தும் உண்டு. வேப்பிலையும் தென்னம்பூவும் விழுவதைத் தடுக்க, இழுத்துக் கட்டிய நைலான் வலை போதும். அதுவும் வேலிக்கும் பூட்டிய கதவுக்கும் ஈடாகாது.

குளோரின் இருந்து, நாள்தோறும் மோட்டார் சுழலும் குளத்தில் கொசுப் புழு பெரும்பாலும் தங்காது. அது ஒளிந்துகொள்ளும் இடங்கள் வேறு: விளிம்பைச் சுற்றி ஓடும் வழிநீர்க் கால்வாய், அந்த நீர் போய்ச் சேரும் சமநிலைத் தொட்டி, மோட்டார் குழி, கவிழ்க்காமல் வைத்த வாளி. இவற்றை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். தேய்ப்பது முக்கியம், ஏனென்றால் ஏடிஸின் முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மழை பட்டதும் பொரிக்கும். மீன் விடுவதானால் குளோரினை நிறுத்திவிட வேண்டும், இரண்டும் ஒன்றாக நடக்காது. பராமரிக்க ஆளில்லாமல் குளத்தைக் கைவிடுகிறவர்களுக்கே மீன் வழி. அந்த மீனைப் பிறகு ஆற்றிலோ குளத்திலோ கொட்டிவிடாதீர்கள். நம் நாட்டு மீன்களின் குஞ்சுகளை அது தின்றுவிடும்.

கேள்வி: மிச்சிகனில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறோம். அக்டோபரில் அவன் நீச்சல் குளத்தை மூடப்போகிறான். ஆள் வைத்தால் செலவு அதிகம் என்று என்னையும் உடன் நிற்கச் சொல்கிறான். அங்கே செய்யும் வேலை என்ன?
(வாசகர், தென்காசி, தற்போது அமெரிக்கா)

பதில்: தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கும், அப்போது குழாயும் பம்பும் வெடித்துவிடும். அந்த ஊரில் மூடும் வேலை முழுவதும் இதைச் சுற்றியே நடக்கிறது. தண்ணீர் 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிரும் வரை காத்திருந்தால் பாசித் தொல்லை குறையும். பி.எச்.சையும் குளோரினையும் சரிசெய்த பிறகு, தண்ணீர் உள்ளே வரும் துவாரங்களுக்குச் சற்றுக் கீழே மட்டத்தை இறக்கி, காற்று அழுத்தும் இயந்திரத்தால் ஒவ்வொரு குழாயிலும் ஊதுவார்கள். தண்ணீர் நின்று காற்று மட்டும் வரும் நேரத்தில் துவாரத்தை ரப்பர் அடைப்பானால் அடைத்துவிட வேண்டும். உங்கள் மகன் ஊதும்போது நீங்கள் அடைக்கும் ஆளாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஊதியும் தண்ணீர் தங்கும் குழாயில் உறையாத் திரவம் ஊற்றுவதுண்டு. அது புரோப்பிலீன் கிளைக்காலாக இருக்க வேண்டும். கார் ரேடியேட்டருக்கான எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. பம்பு, வடிகட்டி, சூடேற்றி ஆகியவற்றின் அடித்திருகுகளைக் கழற்றித் தண்ணீரை வடித்து, அந்தத் திருகுகளைப் பம்பின் கூடையிலேயே போட்டு வைத்தால் வசந்தத்தில் தேட வேண்டியிருக்காது. அதன்பிறகுதான் மேல்விரிப்பு. மற்றபடி, சேரன்மகாதேவிக்காரருக்குச் சொன்னது உங்கள் மகனுக்கும் பொருந்தும்: பனி உருகும் காலத்தில் அங்கும் நிலத்தடி நீர் ஏறும், குளத்தை வெறுமையாக விட வேண்டாம்.

கேள்வி: கமலைக் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்கள் நாம். அதற்கு எந்த ஆசிட் ஊற்றினோம்? இதெல்லாம் வீண் பகட்டு இல்லையா?
(வாசகர், கடையம்)

பதில்: நானும் அரைஞாண் கயிற்றில் சுரைக்குடுக்கை கட்டிக் குதித்தவன்தான். கிணற்றுக்கு ஊற்று உண்டு, இறைப்பும் உண்டு. பழைய தண்ணீர் வயலுக்குப் போகப் புதிய தண்ணீர் சுரந்துகொண்டே இருக்கும், புழுவைத் தின்ன மீனும் கிடக்கும். அடைத்துக் கட்டிய தொட்டிக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது என்பதால், அந்த வேலைகளை மோட்டாரும் மருந்தும் செய்கின்றன. பகட்டா என்பதைக் கட்டியவரிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். தண்ணீர் தெளிவாகத்தான் தெரிகிறது. அப்படியே இறங்க விடலாமா?
(வாசகர், வள்ளியூர்)

பதில்: கரையில் நின்று பார்த்தால் ஆழமான இடத்தின் அடியில் உள்ள வடிகால் மூடியின் துளைகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மூழ்கிய பிள்ளையும் தெரியாது, யாரையும் இறக்காதீர்கள். தெரிந்தால், பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே சுவரைத் தேய்த்து, மேலே சொன்னபடி ஒருமுறை குளோரினை உயர்த்தி, வடிகட்டியைக் கழுவுங்கள். குளோரின் அளவு மறுபடி 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியதும் இறங்கலாம். வடிகால் மூடியின் திருகுகள் மழைக்காலத்தில் தளர்ந்திருக்கக்கூடும். நீந்தத் தெரிந்த ஒருவரை மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே அனுப்பி, அந்த மூடி அசைகிறதா என்று கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அசைந்தால் அதை முறுக்கிய பிறகே மோட்டாரைப் போட வேண்டும்.